மண்ணுக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்

நான் பி.காம். படித்தவன். டேலி ஆகாத டிரையல் பேலன்ஸ்தான் என் இருபது வயசின் கெட்ட கனவு. படிப்பை விட்டு பத்திரிகைக்கு ஓடி வந்து வருஷங்கள் ஆகியும், எங்கேயாவது 'அக்கவுண்டிங்' என்ற வார்த்தையைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். பழைய வாத்தியாரைத் தெருவில் பார்த்த மாதிரி ஒரு பயம் கலந்த மரியாதை!

சமீபத்தில் அப்படி நின்ற இடம் ஒரு நிலக்கரிச் சுரங்கம். நேரில் இல்லை, படிப்பில். அங்கே 'ஆசிட்-பேஸ் அக்கவுண்டிங்' என்று ஒரு சமாசாரம் வந்தது. அமிலத்துக்கும் காரத்துக்கும் வரவு செலவுக் கணக்கு. யாருக்காக? பாறைக்காக! ஒரு பாறையை உடைத்துப் போட்டால் அது மண்ணாக வேலை செய்யுமா, செய்யாதா என்று கண்டுபிடிக்க ஒரு லெட்ஜர். கட்டுரையை மூடி வைக்க முடியுமா சொல்லுங்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சியன் மலைத்தொடர். மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, வர்ஜீனியா மாநிலங்களில் மலைகளுக்குள் கேக்கில் கிரீம் வைத்த மாதிரி அடுக்கடுக்காக நிலக்கரி. சுரங்கம் தோண்டி உள்ளே போவதைவிட, மேலே இருப்பதை எல்லாம் வெடி வைத்துத் தள்ளிவிட்டு அள்ளிக்கொள்வது சுலபம். மேலே இருப்பது எது? காடு. காட்டுக்குக் கீழே மண். மண்ணுக்குக் கீழே பாறை. அள்ளி முடித்த பிறகு, பல இடங்களில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மொட்டைப் பாறைகளும் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் ஓடைகளும்தான் மிச்சம்.

இதற்கு ஒரு முடிவு கட்ட, 1977 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம். அதன் சாராம்சம், நம் வீட்டு ஓனர்கள் சொல்வதுதான்: 'வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுட்டுப் போகணும். அதுவரைக்கும் அட்வான்ஸ் என்கிட்ட இருக்கும்!'

மேல்மண்ணைத் தனியாக வழித்து எடுத்து, தனியாகக் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் மறுபடி மேலே பரப்ப வேண்டும். செடி கொடிகள் வளர்ந்து நிலைக்க வேண்டும். அதற்கு உத்தரவாதமாக முன்கூட்டியே ஒரு பத்திரம். நல்ல மழை பெய்கிற பகுதியில் விதைத்து உரம் போட்ட கடைசி வருஷத்துக்குப் பிறகு 5 வருஷம், மழை குறைந்த பகுதியில் 10 வருஷம் பொறுப்பு. அதற்குப் பிறகுதான் முழு அட்வான்ஸும் கைக்கு வரும்.

'கடைசியாக உரம் போட்ட வருஷத்துக்குப் பிறகு' என்பதைக் கவனித்தீர்களா? சட்டம் எழுதியவர் விவரமான ஆள். எங்கள் பாடத்தில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்பார்கள். கணக்கு முடிக்கிற மாதத்தில் மட்டும் கம்பெனி செழிப்பாக இருக்கிற மாதிரி காட்டுவது. அந்த மாதிரி, இன்ஸ்பெக்டர் வருகிற வாரம் யூரியா தூவிப் பச்சை காட்டக் கூடாது. தூவினால் கடிகாரம் மறுபடி ஒன்றிலிருந்து ஓடும்!

இவ்வளவு கண்டிப்பான சட்டத்தில் ஒரு சின்னக் கதவும் உண்டு. மேல்மண் போதவில்லை, அல்லது இருப்பதே மட்டமான மண் என்றால்? வேறு ஏதாவது பொருளை மேல்மண்ணுக்குப் பதிலாகப் பரப்பலாம். தோண்டியெடுத்த பாறை அடுக்கிலிருந்தே பொறுக்கிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, அந்த மாற்றுப் பொருள் செடி கொடிகளைத் தாங்குவதில் பழைய மண்ணுக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ இருக்க வேண்டும். இரண்டு, அந்த எல்லைக்குள் கிடைப்பதிலேயே அதுதான் சிறந்ததாக இருக்க வேண்டும். இரண்டையும் கம்பெனிதான் நிரூபித்துக் காட்ட வேண்டும்.

கதவு வைத்ததிலும் நியாயம் இருக்கிறது. அப்பலாச்சியன் மலைச்சரிவு நம் ஏற்காடு சரிவு மாதிரி செங்குத்து. மேல்மண் பல இடங்களில் சில அங்குலம்தான். அந்தச் சரிவில் இயந்திரத்தை ஏற்றி அந்தக் கொஞ்சத்தைத் தனியாக வழிப்பது கஷ்டம், செலவு, ஆபத்து. ஆகவே கதவை எல்லோரும் தாராளமாகத் திறந்தார்கள்.

இங்கேதான் நம் லெட்ஜர் வருகிறது.

புதைந்து கிடந்த பாறையை உடைத்து வெளியே போட்டால் முதல் பிரச்னை கந்தகம். பைரைட் என்று ஒரு கனிமம். தங்கம் போல மின்னி ஏமாற்றும். கோடிக்கணக்கான வருஷம் காற்றுப் படாமல் சாதுவாகக் கிடந்தது, காற்றும் மழையும் பட்டதும் கந்தக அமிலமாக மாறும். ஓடைகள் ஆரஞ்சு நிறமாவது இதனால்தான். அதே பாறையில் சுண்ணாம்புச் சத்தும் இருந்தால் அமிலத்தை அது அடக்கிவிடும். ஆக, கந்தகம் கடன், சுண்ணாம்பு கையிருப்பு. 1970களில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை ஒரு கணக்காகவே ஆக்கினார்கள்.

ஆயிரம் டன் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் ஏர் உழுகிற ஆழத்துக்கு உள்ள மண் ஏறக்குறைய இவ்வளவு எடை. அதில் 1 சதவிகிதம் பைரைட் கந்தகம் இருந்தால், அது உண்டாக்கும் அமிலத்தை அடக்க 31.25 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். ஒரு பாறையில் கந்தகம் 0.4 சதவிகிதம் என்றால், கடன் 12.5 டன். பாறையிலேயே 30 டன் சுண்ணாம்புக்குச் சமமான சரக்கு இருக்கிறதா? 17.5 டன் உபரி. பாஸ்! இன்னொரு பாறையில் கந்தகம் 0.8. கடன் 25 டன், கையிருப்பு 10 டன். 15 டன் பற்றாக்குறை. பற்றாக்குறை 5 டன்னைத் தொட்டாலே அது விஷப் பாறை. மேலே பரப்பக் கூடாது. ஆழத்தில் புதை!

படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. டெபிட், கிரெடிட், பேலன்ஸ்! என் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

கணக்கோடு வேறு சில பரிசோதனைகளும் உண்டு. பி.ஹெச். எவ்வளவு, உப்பு எவ்வளவு, கல் எத்தனை சதவிகிதம், பொடி எத்தனை சதவிகிதம், மணிச்சத்து இருக்கிறதா... எல்லாம் லேபில் சில நாட்களில் தெரிந்துவிடும். இதில் அப்பலாச்சியாவின் சாம்பல் நிற மணற்கல் பல இடங்களில் ஜம்மென்று தேறியது. ஆழத்திலிருந்து வந்த புதுப் பாறை. கந்தகம் குறைவு, சுண்ணாம்பு தாராளம், உபரி பேலன்ஸ். 'இதையே பரப்புங்க' என்று சீல் குத்தினார்கள்.

இந்த இடத்தில் என் மாமாவை உள்ளே கூப்பிட வேண்டியிருக்கிறது. விருத்தாசலம் பக்கம் விவசாயி. நான் புறநகரில் வீடு கட்டிய சமயம் வந்திருந்தார். வாசலில் செம்மண் லோடு வந்து நின்றது. "சூப்பர் மண்ணு சார். எது வெச்சாலும் வரும்" என்றார் லாரிக்காரர். மாமா ஒன்றும் பேசவில்லை. லாரியின் பின்பக்கம் போய் ஒரு பிடி மண்ணை எடுத்தார். சொம்புத் தண்ணீரில் கொஞ்சம் விட்டு, உள்ளங்கையில் வைத்து உருட்டினார். கட்டைவிரலால் நீட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஏன் மாப்ளே, நீ தென்னைக்குக் கேட்டியா, கீரைக்குக் கேட்டியா?"

லாரிக்காரர் முழித்தார். "எல்லாத்துக்கும்தாங்க..."

"எல்லாத்துக்கும்னு ஒரு மண்ணு கிடையாது தம்பி" என்றார் மாமா.

ஈர மண்ணை விரலால் நீட்டிப் பார்ப்பது உலகம் முழுக்க மண்ணியல் மாணவர்களுக்குச் சொல்லித் தரும் பரிசோதனை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அது கிடக்கட்டும். மாமா கேட்ட கேள்வி இருக்கிறதே, அதுதான் அமெரிக்கச் சுரங்கங்களில் ரொம்ப நாள் யாரும் அழுத்திக் கேட்காத கேள்வி. பழைய மண்ணுக்குச் 'சமம்' என்கிறீர்கள். சரி, எதற்குச் சமம்?

பல இடங்களில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில், புல்! புல் சீக்கிரம் முளைக்கும், மண் அரிப்பைத் தடுக்கும், இன்ஸ்பெக்டர் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். 'டால் ஃபெஸ்க்யூ' என்ற முரட்டுப் புல்லைத் தூவினார்கள். சாம்பல் பாறையின் பி.ஹெச். ஏழரை, எட்டு என்று இருக்கும். புல் அதைச் சகித்துக்கொள்ளும். மழையில் மண் சரியக் கூடாதே என்று புல்டோசரை முன்னும் பின்னும் ஓட்டி, தரையை இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வழவழவென்று ஆக்கினார்கள். போட்டோவில் பார்த்தால் சுவிட்சர்லாந்து!

ஆனால், அங்கே இருந்தது புல்வெளி இல்லையே சார், காடு! ஓக், மேப்பிள், டுலிப் பாப்ளர் என்று விதவிதமான இலையுதிர் மரங்கள் நின்ற காடு. அந்த மரக்கன்றை இந்த இஸ்திரித் தரையில் வைத்தால் வேர் இறங்க வழியில்லை. மேலே முரட்டுப் புல் தண்ணீரையும் வெளிச்சத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. பல கன்றுகள் செத்தன. மிச்சம் குச்சியாக நின்றன. கணக்கு டேலி, சட்டம் திருப்தி, அட்வான்ஸ் வாபஸ். காடு மட்டும் வரவில்லை.

இதைச் சிலர் பொறுமையாகத் தோண்டிப் பார்த்தார்கள். வர்ஜீனியா மாநிலத்தின் வைஸ் கவுன்டியில், பவல் ரிவர் புராஜெக்ட் என்ற பெயரில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தினர் 1982ல் ஒரு சோதனை வயல் அமைத்தார்கள். ஒரு பாத்தியில் வெறும் மணற்கல், இன்னொன்றில் வெறும் வண்டல் பாறை, மற்றவற்றில் இரண்டும் வெவ்வேறு விகிதத்தில். வேறு சில பாத்திகளில் மேலே மேல்மண், மரத்தூள், சுத்திகரித்த சாக்கடைக் கசடு. பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிட்டு, வருஷக்கணக்கில் போய்ப் போய்ப் பார்த்தார்கள். பைன் மரங்கள் வண்டல் பாறையைவிட மணற்கல்லில் தெளிவாக நன்றாக வளர்ந்தன. வண்டல் பாறையில் உப்பும் காரமும் அதிகம்.

பிறகு 2005ல் மேற்கு வர்ஜீனியாவிலும் கென்டக்கியிலும் மணற்கல்லிலேயே நேருக்கு நேர் போட்டி வைத்தார்கள். ஒரு பக்கம் பரிட்சையில் ஜோராகத் தேறிய சாம்பல் கல். மறுபக்கம் பழுப்புக் கல். பழுப்புக் கல் என்பது மலையின் மேலாப்பில், காட்டு மண்ணுக்கு நேர் கீழே, ஆயிரக்கணக்கான வருஷம் மழையும் வேரும் பட்டு நைந்துபோன அதே மணற்கல். துரு ஏறிய நிறம். சுண்ணாம்பு எல்லாம் எப்போதோ கரைந்துபோயிருக்கும். லெட்ஜரில் கையிருப்பு அதிகம் காட்டாது. பி.ஹெச். ஐந்து, ஐந்தரை. கடன் ஏற்றும் கந்தகமும் எப்போதோ போயாகிவிட்டது. மொத்தத்தில், பெரிய சொத்தும் இல்லாத, கடனும் இல்லாத நடுத்தரக் குடும்பம்!

யார் ஜெயித்தது? மேற்கு வர்ஜீனியா வயலில் 8 வருஷம் கழித்து அளந்தபோது, பழுப்புக் கல்லில் வளர்ந்த மரங்களின் சராசரிப் பருமன் சாம்பல் கல்லில் வளர்ந்ததைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. இருபது சதவிகிதம் கூட இல்லை சார், பத்து மடங்கு!

காரணம் எளிது. அந்த மரங்களின் பாட்டன் பூட்டன் எல்லாம் லேசான புளிப்பு மண்ணில் வளர்ந்தவை. பழுப்புக் கல் சீக்கிரம் பொடிந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாம்பல் கல் கல்லாகவே கிடக்கிறது. ஆசிட்-பேஸ் கணக்கு பொய் சொல்லவில்லை. 'இந்தப் பாறை விஷமாகுமா?' என்று கேட்டார்கள், 'ஆகாது' என்று சரியாகச் சொன்னது. 'இங்கே ஓக் மரம் வருமா?' என்று அதனிடம் யாரும் கேட்கவே இல்லை. கம்பெனி திவாலாகாது என்று ஆடிட்டர் சொன்னால், ஷேர் பத்து மடங்கு ஏறும் என்றா அர்த்தம்?

இதில் ஒரு வயிற்றெரிச்சல் வேறு. மலையை வெட்டும்போது முதலில் வருவது மேலே இருக்கும் பழுப்புக் கல். முதலில் வந்ததை எங்கே கொட்டுவார்கள்? பள்ளத்தின் அடியில். கடைசியில் வரும் சாம்பல் கல் மேலே வந்து உட்காரும். தனியாக எடுத்து வைக்க யாராவது மெனக்கெட்டால் ஒழிய, நல்லது புதைந்து, மட்டமானது முகப்பில் நிற்கும். ஸ்டாக் கணக்கில் ஃபைஃபோ, லைஃபோ என்று மாரடித்தோமே, இங்கே ஒரு மலையே அப்படித் தலைகீழாகிறது!

2004ல் மத்திய, மாநில அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் சேர்ந்து அப்பலாச்சியாவில் காட்டையே திரும்ப வளர்க்க ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அவர்கள் சொன்ன வழி ஐந்தே படி. குறைந்தது 4 அடி ஆழத்துக்கு மேல்மண், பழுப்புக் கல் போன்ற, கிடைப்பதிலேயே நல்ல பொருளைப் போடு. புல்டோசரை ஓட்டி அமுக்காதே, மேடும் பள்ளமுமாக அப்படியே விடு. முரட்டுப் புல்லை விட்டுவிட்டு, மரத்தோடு ஒத்துப்போகிற புல்லைத் தூவு. மண்ணுக்கும் பறவைக்கும் உதவும் மரம், விலை போகும் மரம், இரண்டு வகையும் நடு. ஒழுங்காக நடு. அவ்வளவுதான்.

முதல் வருஷம் இந்த நிலத்தைப் பார்த்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். கட்டட வேலை பாதியில் நின்ற மனை மாதிரி கரடுமுரடாக இருக்கும். இஸ்திரி போட்ட பச்சைக்குப் பழகிய கண்ணுக்கு இது பிடிக்க நாளாகும். ஆனால் அந்தக் குழி மேட்டுக்குள்தான் தண்ணீர் இறங்குகிறது, வேர் இறங்குகிறது, காற்று கொண்டுவரும் விதை ஒதுங்குகிறது. பழைய காட்டு மண்ணைக் கொஞ்சம், வேரும் கட்டையுமாகக் கலந்துவிட்டால் இன்னும் விசேஷம். அதில் விதையும் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சையும் இருக்கிறது. எந்தப் பாறையை எவ்வளவு நைஸாக உடைத்தாலும் அது கிடைக்காது. இன்னொன்று, அந்த மண்ணை வருஷக்கணக்கில் குவித்து வைத்தால் உள்ளே இருக்கும் உயிர்கள் ஒவ்வொன்றாகப் போய்விடும். பேங்க்கில் போட்டால் வட்டி ஏறும். மண்ணைக் குவித்துப் போட்டால் அசலே தேயும்.

இன்னொரு செலவு எந்த லெட்ஜரிலும் ஏறாமல் போனது. உடைத்த புதுப் பாறையிலிருந்து உப்புகள் கரைந்து ஓடைக்குப் போகின்றன. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஆரஞ்சு நிறமெல்லாம் இல்லை. ஆனால் ஓடையில் வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் காணாமல் போகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2011ல், தண்ணீரின் மின்கடத்துதிறன் 300 மைக்ரோசீமென்ஸைத் தாண்டினால் அந்த மலை ஓடைகளின் உயிரினங்களுக்கு ஆபத்து என்று ஓர் அளவுகோல் சொன்னது. மேலே பரப்பும் மாற்று மண்ணுக்குக் கீழே போகும் தண்ணீரும் சாட்சி.

அந்தச் சட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை வேறு ஒன்று. இலினாய், இண்டியானா போன்ற சமவெளி மாநிலங்களில், முதல்தர விளைநிலத்தில் நிலக்கரி எடுத்தால், மண் அடுக்குகளைத் தனித்தனியாக எடுத்து அதே வரிசையில் திரும்பப் போட வேண்டும். பி.ஹெச். எவ்வளவு என்று மட்டும் கேட்டு விடமாட்டார்கள். பயிர் வை, அறுத்துக் காட்டு! தோண்டாத பக்கத்து வயலுக்குச் சமமான விளைச்சல் வர வேண்டும். அதுவும் ஒரு வருஷம் இல்லை. குறைந்தது மூன்று வருஷ அறுவடையை அளந்து காட்ட வேண்டும். எதற்குச் சமம் என்ற கேள்விக்கு இங்கே பதில் மூட்டைக்கணக்கில் வருகிறது.

நம் ஊருக்கு வருவோம். விருத்தாசலம், கடலூர் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் நெய்வேலியின் மண்மலைகளைப் பார்த்திருப்பீர்கள். 1957ல் வேலை ஆரம்பித்த சுரங்கம். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணையும் மணற்பாறையையும் ராட்சசச் சக்கர இயந்திரங்கள் வாரி வாரிக் கொட்டிய மேடுகள். அவற்றின் மேல் மரம் வளர்த்திருக்கிறார்கள், பயிர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவிலும் இப்போது அட்வான்ஸ் முறை வந்துவிட்டது. மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் சுரங்க மூடல் வழிகாட்டுதல்களின்படி, நிலத்தைச் சீரமைக்க எஸ்க்ரோ கணக்கில் பணம் கட்டி வைக்க வேண்டும். நல்லது. பணத்துக்கு எஸ்க்ரோ இருக்கிறது. மண்ணுக்கு?

நிலக்கரி வேண்டாம், கரன்ட் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இதை அடிக்கிற கம்ப்யூட்டரே கரன்ட்டில்தான் ஓடுகிறது. நான் சொல்ல வருவது ஒரு கணக்கு விஷயம். ஒரு பொருளுக்குப் பதில் இன்னொரு பொருளைத் தந்து 'சமம்' என்று யார் சொன்னாலும், அது எதற்குச் சமம், எத்தனை வருஷத்துக்குச் சமம் என்று கேட்காமல் ரசீதில் கையெழுத்துப் போடக் கூடாது. நெல் விளைந்த இடத்தில் தைல மரம் நின்றால் அதுவும் பச்சைதான். சாட்டிலைட்டுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். பசிக்குத் தெரியும்.

ஆகவே, எங்கேயாவது குவாரியோ சுரங்கமோ மூடிய இடத்தைக் காட்டி, 'பாருங்கள், பசுமையாக்கிவிட்டோம்' என்று யாராவது போட்டோ நீட்டினால், போட்டோவை வாங்கிக்கொள்ளுங்கள், பாராட்டுங்கள். கூடவே மூன்று கேள்வி கேளுங்கள். மேலே பரப்பியது என்ன, எங்கிருந்து எடுத்தது? எத்தனை அடி ஆழத்துக்கு, அமுக்கியா, பொலபொலவென்றா? முன்பு இங்கே விளைந்தது இப்போது விளைகிறதா, எத்தனை வருஷம் அளந்தீர்கள்?

மூன்றுக்கும் பதில் வந்தால் அது நிலம். வராவிட்டால், அது வெறும் பச்சை பெயின்ட்.